கோட்டை வாசலும் சிறைக்கதவும் – பாளையங்கோட்டை முதல் உதயகிரி வரை

நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று வருவது நம்மவர்க்குப் புதிதன்று. உறவு, வணிகம், மருத்துவம், கல்வி எனக் காரணங்கள் பல. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் பாளையங்கோட்டைச் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியிலும் பிற கல்லூரிகளிலும் பயின்றவர்கள். ஆயினும் பெயரிலேயே கோட்டையைச் சுமந்து நிற்கும் அவ்வூரில் கோட்டை எங்கே என்று கேட்டவர் மிகச் சிலரே. மதில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சி நிற்கும் மேலை வாசலின் மீது நெடுங்காலம் ஒரு காவல் நிலையம் இயங்கிவந்தது. வாசலின் மேல்தளத்தில் அமைந்திருந்ததால் அதற்கு ‘மேடைப் போலீஸ் ஸ்டேஷன்’ என்றே பெயர். பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரையைச் சிறை வைத்திருந்த இடம் அதுவே என ஊரார் சுட்டிக் காட்டுவர். ஊர்வாசல் சிறையாகி, அச்சிறை பின்னர்க் காவல் நிலையமாகி நின்ற கதையை இம்மலரில் எழுத எண்ணினோம். அக்கதையின் மறுமுனை நம் தக்கலையை ஒட்டிய புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது என்பதே இதனை எழுதத் தூண்டிய காரணம்.

வாசலைச் சிறையாக்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இதற்கு உலகறிந்த சான்று இலண்டன் மாநகரின் நியூகேட். உரோமானியர் எழுப்பிய நகர மதிலின் வாசல்களுள் ஒன்றாகிய அது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் சிறையாயிற்று. காரணம் எளிது. கோட்டைச் சுவரின் மிகப் பருத்த பகுதி வாசற்புறமே. இரவும் பகலும் காவலர் அங்கு இருந்தே தீரவேண்டும். உள்ளே வரவும் வெளியே செல்லவும் ஒரே வழி. சிறைக்கு வேண்டியவை யாவும் அங்கே முன்னரே அமைந்துகிடக்க, புதிதாய் ஒன்று கட்டுவானேன் என்று ஆள்வோர் எண்ணியதில் வியப்பில்லை. மற்றொரு பயனும் இருந்தது. சந்தைக்குப் போவோரும் வருவோரும் அதன் கீழே நடந்தனர். மேலே அடைபட்டவர்களின் ஓலம் அவர்கள் காதில் விழுந்தது. அச்சமூட்ட இதைவிட மலிவான வழி வேறு உண்டோ?

நியூகேட்டின் கதை நீளமானது. நமக்குத் தேவையானவற்றை மட்டும் சொல்வோம். இலண்டன் மேயராயிருந்த ரிச்சர்ட் விட்டிங்டன் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு பதினைந்தாம் நூற்றாண்டில் அது புதுப்பித்துக் கட்டப்பட்டது. 1666இன் பெருந்தீயில் வெந்து, 1672இல் மீண்டும் எழுந்தது. அங்கே அடைபட்டோரில் பெரும்பகுதியினர் தண்டனை பெற்றவர் அல்லர். விசாரணைக்குக் காத்திருந்தோரும், கடனைத் தீர்க்க இயலாதோரும், தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டோருமே. சிறைக் காவலருக்குக் கைதியே கட்டணம் செலுத்தவேண்டும். காலில் பூட்டிய விலங்கின் எடையைக் குறைக்கவும் காசு, படுக்கைக்கும் காசு. ‘சிறைக்காய்ச்சல்’ என்று அக்காலத்தார் அழைத்த நோய் (பேன்வழிப் பரவும் டைபஸ் காய்ச்சல் அது என இன்று அறிவோம்) தூக்குமரத்தைவிட மிகுதியானோரைக் கொண்டுபோயிற்று. 1750இல் அந்நோய் கைதிகளோடு நீதிமன்றத்துக்கும் வந்து, இலண்டன் மேயரையும் நீதிபதிகளையும் பலிகொண்ட பின்னரே மேலோர் விழித்துக்கொண்டனர். சிறைக்குள் காற்றோட்டம் வேண்டுமென்று கூரைமீது காற்றாலை ஒன்றை நிறுவினர்! ஏழைக் கைதிகள் நூற்றாண்டுக்கணக்கில் செத்தபோது எவருக்கும் தோன்றாத யோசனை அது. 1767இல் பழைய வாசல் இடிக்கப்பட்டது. அருகிலேயே புதிய சிறை எழுந்தது. அதுவும் 1902இல் மூடப்பட்டு, இன்று ‘ஓல்டு பெய்லி’ எனும் குற்றவியல் நீதிமன்றம் அவ்விடத்தில் நிற்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

பாளையங்கோட்டை தாமிரபரணியின் கீழ்க்கரையில் அமைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் தென்சீமையை ஆள விரும்பியோர் எவராயினும் இக்கோட்டையைக் கைக்கொள்ளாமல் முடியாது என்னும் நிலை இருந்தது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்களும் பாளையக்காரரும் திருவிதாங்கூர்ப் படையும் ஆங்கிலக் கும்பினியாரும் இப்பகுதியில் மோதிக்கொண்ட காலம் அது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தை ஏற்று நடத்திய கான் சாகிப் என்னும் யூசுப் கானின் பெயரை நம் வாசகர் அறிவர். வேளாளர் குடியில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவி, சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி, தம் திறமை ஒன்றாலேயே உயர்ந்தவர் அவர். நவாபுக்கும் கும்பினிக்கும் அடங்க மறுத்ததனால் மதுரைக் கோட்டையில் முற்றுகையிடப்பட்டு, சொந்த ஆட்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டார். தொழுகையில் இருந்தபோது பிடிபட்டார் என்பது மரபுச் செய்தி. 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. அவரது உடல் துண்டிக்கப்பட்டுப் பல ஊர்களுக்கு அனுப்பப்பட்டதாகவும், அவற்றுள் பாளையங்கோட்டையும் ஒன்றெனவும் கூறுவர். மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே போன்ற நீதி பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தது. 1799 அக்டோபர் 16இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். திருநெல்வேலிப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்முன்னே நடத்தப்பட்ட காட்சி அது. அவருடைய தம்பியர் ஊமைத்துரையும் செவத்தையாவும் உறவினர் பிறரும் பாளையங்கோட்டைக் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இன்ன குற்றத்துக்கு இத்தனை ஆண்டு என்று அவர்களுக்குத் தீர்ப்பு எதுவும் இல்லை. விடுதலை நாள் என்று ஒன்றும் இல்லை. வெளியே விட்டால் ஆபத்து. ஆகவே உள்ளே இருக்கட்டும் – இவ்வளவே. வாசற்சிறை என்பதன் பொருள் எங்கும் இதுவாகவே இருந்திருக்கிறது.

ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு கழிந்தது. 1801ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கைதிகளிடையே பெரியம்மை கண்டது. நோயுற்ற கால்களில் விலங்கு வேண்டாமென்று இரக்கப்பட்டு அவற்றை அகற்றியிருந்தனர் என அக்கால ஆங்கிலப் பதிவுகள் கூறுகின்றன. இலண்டனில் காசுக்கு இளகிய விலங்கு இங்கே அம்மைக்கு இளகிற்று. பிப்ரவரி 2ஆம் நாள் மாலை. ஆங்கிலப் படையின் பெரும்பகுதி சங்கரன்கோயில் பக்கம் முகாமிட்டிருந்தது. பாளையங்கோட்டையில் இருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் துரைசானிகளுமாக இருபது பேர் போல மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்துக்குக் கூடியிருந்தனர். கோட்டைக்குள் ஊமைத்துரையின் ஆட்கள் வேடமிட்டு முன்னரே நுழைந்திருந்தனர். விறகு விற்போராக வந்து, விறகுக் கட்டுகளுக்குள் ஆயுதம் ஒளித்துக் கொணர்ந்தனர் என்பது மக்கள் வழக்கு. காவலரை மடக்கி, அவர்தம் ஆயுதங்களையே பறித்துக்கொண்டு கைதிகள் வெளியேறினர். விடிவதற்குள் முப்பது மைல் கடந்து பாஞ்சாலங்குறிச்சி மண்ணை மிதித்தனர்.

விருந்துண்டோர் மீது அவர்கள் கைவைக்கவில்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். நினைத்திருந்தால் மாவட்டத்தின் ஆங்கில அதிகாரிகளைக் குடும்பத்தோடு பிணையாகப் பிடித்திருக்கலாம். அவர்கள் நாடியது பழியன்று; தம் ஊர்.

இந்நிகழ்ச்சிகளை நேரில் கண்டு எழுதிவைத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. அவரது நினைவுக் குறிப்புகள் 1830இல் நூலாக வெளிவந்தன. பகைவர் எழுதிய நூலாயினும் ஊமைத்துரையைப் பற்றி அதில் காணப்படும் மதிப்பு, நம்மவர் எழுதிய பல நூல்களிலும் இல்லை. வாய் பேச இயலாத, மெலிந்த, நோயாளி போன்ற தோற்றமுடைய அந்த இளைஞரின் ஒரு சைகைக்கு ஆயிரக்கணக்கானோர் உயிரைக் கொடுத்தனர் என வெல்ஷ் வியக்கிறார். 1799இல் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை, சிறையினின்று தப்பியோர் வந்த சில நாட்களிலேயே மண்மதிலாக மீண்டும் எழுந்து நின்றது. மார்ச் 31இல் ஆங்கிலேயர் நடத்திய தாக்குதல் பெருஞ்சேதத்தோடு முறியடிக்கப்பட்டது. மே 24இல்தான் கோட்டை வீழ்ந்தது.

அன்று நடந்ததாக வெல்ஷ் கூறும் ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. போர்க்களத்தில் தன் மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். குற்றுயிராய்க் கிடந்த மகன், ‘என்னை விடு, அருகே கிடக்கும் சாமியைக் காப்பாற்று’ என்று ஊமைத்துரையைக் காட்டினானாம். அவளும் உடன் வந்தவரும் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்று, தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம் அம்மையில் இறந்த பிள்ளையின் உடல் என்று சொல்லி மறைத்தனர். அம்மை என்றதும் தேடியவர் விலகி ஓடினர். பாளையங்கோட்டையில் விலங்கைக் கழற்றிய அம்மை, அங்கே இரண்டாம் முறையாக அவரைக் காத்தது. அத்தாயின் பெயரோ மகனின் பெயரோ எந்நூலிலும் பரவலாக அறியப்படாதது வருந்தத்தக்கது.

பின்னர் ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரர்களோடு இணைந்தார். 1801 அக்டோபர் 24இல் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16இல் ஊமைத்துரையும் செவத்தையாவும் பாஞ்சாலங்குறிச்சியிலேயே கொல்லப்பட்டனர். 1802 பிப்ரவரியில், சின்ன மருதுவின் இளவயது மகன் துரைச்சாமி உள்ளிட்ட 73 பேர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். ஒரு முறை வாசற்சிறை உடைபட்டதால் ஆள்வோர் கற்றுக்கொண்ட பாடம் இது போலும்: கோட்டைச் சுவர் போதாது, கடலே வேண்டும்!

வாசலுக்கும் கைதிக்கும் உள்ள இத்தொடர்பு வடநாட்டிலும் உண்டு. தில்லியின் ‘கூனி தர்வாசா’ எனும் இரத்த வாசல் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. ஹுமாயூன் கல்லறையில் சரணடைந்த முகலாய இளவரசர்கள் மிர்சா முகல், கிஸ்ர் சுல்தான், அபூபக்கர் ஆகிய மூவரையும் 1857 செப்டம்பர் 22இல் ஹாட்சன் என்னும் ஆங்கில அதிகாரி அவ்வாசலருகே தன் கையாலேயே சுட்டுக்கொன்றான். அவர்களுடைய தந்தையும் தாத்தாவுமாகிய பகதூர்ஷா, தம் செங்கோட்டையிலேயே கைதியாக வைக்கப்பட்டு, 1858இல் விசாரணை என்ற பெயரில் ஒன்றைச் சந்தித்து, இரங்கூனுக்கு அனுப்பப்பட்டார். முன்னோர் கட்டிய வாசல் பின்னோர்க்குப் பொறியான கதைகள் இத்தகையன.

பாளையங்கோட்டையில் கோட்டையின் வேலை முடிந்தபின்னும் சிறையின் வேலை முடியவில்லை. 1880இல் தனிச் சிறைச்சாலையே கட்டப்பட்டது. இன்றைய மத்திய சிறையின் தொடக்கம் அது. 1908 மார்ச் 12இல் கைதான வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முதலில் அடைக்கப்பட்டது பாளையங்கோட்டைச் சிறையிலேதான். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்து, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1965 மொழிப்போரின்போது கலைஞர் மு. கருணாநிதி அங்கே தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார். இவர்களெல்லாம் பெயர் பெற்றவர்கள். இவர்களைப் பற்றி எழுத ஆள் உண்டு. 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்களே. நியூகேட் வாசலின் மேலே அடைபட்டிருந்தோரின் நிலையிலிருந்து நாம் எத்தனை தொலைவு வந்துள்ளோம் என்பதை வாசகர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஆரல்வாய்மொழிக்குத் திரும்புவோம். அதுவும் ஒரு வாசலே. இரு மலைகளுக்கு நடுவே கணவாயை அடைத்து நின்ற மதிலுக்குப் பின்னால்தான் நாஞ்சில் நாடும் அதற்கப்பால் திருவிதாங்கூரும். 1752 ஜனவரி 14இல், பல மாதங்கள் கைதியாய் ஊரூராக அலைக்கழிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை கொல்லப்பட்டது இவ்வூரின் காற்றாடி மலையில். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபோது நம் மாவட்டமே மகிழ்ந்ததை மறந்திருக்கமாட்டோம். திருவிதாங்கூரின் திவானாகிய தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய் கும்பினிக்கு எதிராக எழுந்தபோது, 1809 பிப்ரவரி 10இல் ஆரல்வாய்மொழி அரணை ஏறிப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? பாஞ்சாலங்குறிச்சியைக் கண்டெழுதிய அதே ஜேம்ஸ் வெல்ஷ். வேலுத்தம்பி எவரை எதிர்த்துக் கிளர்ந்தாரோ அந்தத் திருவிதாங்கூர் ரெசிடெண்ட், பாளையங்கோட்டையில் அன்றிரவு விருந்தளித்துக்கொண்டிருந்த அதே மெக்காலே. கணவாயின் இருபுறமும் ஒரே கதையின் இரு அத்தியாயங்கள் எனலாம். அரண் விழுந்த சில நாட்களில் உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் ஆங்கிலேயர் வசமாயின.

உதயகிரிக் கோட்டை நம் கண்முன் நிற்பது. நாகர்கோவிலிலிருந்து தக்கலை பீரப்பா தர்காவுக்குச் செல்வோர் புலியூர்க்குறிச்சியில் அதன் மதிலோரமாகவே செல்கின்றனர். பழைய மண்கோட்டையை மார்த்தாண்ட வர்மர் கல்லால் எடுத்துக் கட்டச் செய்தார். கட்டியவர் டிலெனாய். 1741 ஆகஸ்டு 10இல் குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்து பிடிபட்ட கைதி அவர். கைதியே கோட்டைக்குச் சிற்பியானது உலக வரலாற்றில் அரிது. மன்னரின் நம்பிக்கையைப் பெற்றுப் படைத்தலைவராய் உயர்ந்து, ‘வலிய கப்பித்தான்’ எனப் பெயர் பெற்று, 1777இல் மறைந்து அக்கோட்டைக்குள்ளேயே அடங்கினார். மக்கள் அதனைத் ‘தில்லானைக் கோட்டை’ என்றே அழைத்தனர். அவருடைய கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன.

திருவிதாங்கூரின் வட எல்லையில் நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரணை அமைத்ததும் டிலெனாய்தான். 1789 டிசம்பர் 29இல் திப்பு சுல்தானின் படை அவ்வரண்மீது பாய்ந்து, பெருஞ்சேதமுற்றுப் பின்வாங்கியது. அப்போர்க் காலத்தில் பிடிபட்ட மைசூர்ப் படையினர் கொண்டுவந்து அடைக்கப்பட்டது உதயகிரிக் கோட்டையில். ஒரு கைதி எழுப்பிய அரணில் தோற்று, அதே கைதி எழுப்பிய கோட்டையில் அவர்கள் கைதிகளாயினர். மைசூரின் பக்கத்திலும் இதற்கு நிகரான சிறைகள் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் விலங்கோடு கிடந்த டேவிட் பெயர்டு என்ற அதிகாரியே 1799 மே 4இல் அக்கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைவனாய் வந்தான். அன்று மாலை திப்பு சுல்தானின் உடல் ஒரு வாசலின் கீழ், வீழ்ந்தோர் குவியலுக்குள் கண்டெடுக்கப்பட்டது.

உதயகிரியில் அடைபட்ட மைசூர்ச் சிப்பாய்கள் யாவர்? எத்தனை பேர் ஊர் திரும்பினர், எத்தனை பேர் இம்மண்ணிலேயே அடங்கினர்? பெயர்ப்பட்டியல் எதுவும் நம் மக்களிடையே வழங்கவில்லை. டிலெனாய்க்கு இரு மொழியில் எழுத்து. அவர்களுக்கு ஒரு மீசான் கல்லும் இல்லை. அப்படையில் முஸ்லிம்களும் இந்துக்களும் கலந்தே இருந்தனராதலின் இது ஒரு சமுதாயத்தாரின் கேள்வி மட்டுமன்று.

தக்கலை, திருவிதாங்கோடு, புலியூர்க்குறிச்சிப் பகுதிகளில் பழைய குடும்பங்கள் பல உள்ளன. உதயகிரிக் கைதிகளைக் குறித்துப் பாட்டன் பாட்டி வழிச் செய்தியோ, பழைய பத்திரங்களில் குறிப்போ, கேட்பாரற்ற கபுறுகள் பற்றிய தகவலோ எவரிடமேனும் இருப்பின், எழுத்து மூலமாகவோ நேரிலோ நிர்வாகக் குழுவினரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். ஓலையாயினும் காகிதமாயினும் நகலெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். கிடைப்பவற்றை ஒப்புநோக்கி அடுத்த ஆண்டு மலரில் வெளியிட எண்ணியுள்ளோம்.